மூளைப் புறணியின் பகுதிப்பாடு: பிறவியா பயிற்சியா என்னும் வினாவின் வரலாறு

தோற்றுவாய்

காண்பதும் கேட்பதும், எண்ணுவதும் பேசுவதும் பெருமூளையின் மேற்படலமாகிய புறணியை நிலைக்களனாகக் கொண்டு நிகழ்வன. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரையே தடிப்புடைய அப்படலம், பல மடிப்புகளாக மடிந்து மண்டையோட்டினுள் அடங்கியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 1,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என 2009இல் வெளிவந்த கணக்கீடு ஒன்று கூறுகிறது. வெற்றுக் கண்ணுக்கு எங்கும் ஒரே தன்மையதாகத் தோன்றும் இப்படலம், உண்மையில் தனித்தனிப் பணிகளை மேற்கொண்ட பல பகுதிகளின் தொகுப்பாகும். பிடரிப் புறத்தில் காட்சிக்குரிய பகுதியும், செவிக்கு அண்மையில் ஒலியுணர்வுக்குரிய பகுதியும், உச்சியிலிருந்து இருமருங்கும் இறங்கும் தொடுவுணர்வு, உடலசைவுப் பகுதிகளும், நெற்றிப் புறத்தில் திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் துணைபுரியும் பகுதிகளும் அமைந்துள்ளன.

இவ்வரிசை எந்நாட்டில், எக்குடியில் பிறந்த குழந்தைக்கும் ஒன்றாகவே உள்ளது. ஆயினும் கருவில் முதன்முதல் தோன்றும் புறணியில் இவ்வெல்லைகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எல்லையின்றித் தோன்றும் ஒரு பரப்பில் எல்லைகளை வகுப்பது யாது? கருவின் உள்ளிருந்தே எழும் கட்டளையா? புலன்களின் வழியே வெளியிலிருந்து வரும் செய்தியா?

இது உடற்கூற்றியலாருக்கு மட்டும் உரிய வினா போலத் தோன்றினும், இதன் வேர் சமுதாயத்தில் ஆழ ஓடியுள்ளது. ஒருவரது ஆற்றல் பிறப்பிலேயே முடிந்துபோனது என்பாரும், வளர்ப்பால் எதனையும் ஆக்கலாம் என்பாரும் கடந்த இரு நூற்றாண்டுகளாக மூளையையே தத்தம் சான்றாகக் காட்டி வந்துள்ளனர். அவ்வழக்கு நடந்து வந்த வழியையும், இன்று அது எய்தியுள்ள முடிபையும் நிரல்படக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டையோட்டில் தேடப்பட்ட மனம்

புறணியின் பகுதிகளுக்குத் தனித்தனிப் பணிகள் உண்டு என்று வலியுறுத்தியவருள் முன்னோடி, வியன்னாவில் மருத்துவராக விளங்கிய ஃபிரான்ஸ் யோசப் கால் (1758–1828) ஆவார். மனத்தின் ஆற்றல்கள் 27 என்றும், ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் ஓர் உறுப்பு உண்டு என்றும், நன்கு வளர்ந்த உறுப்பு மண்டையோட்டைப் புடைக்கச் செய்யும் என்றும் அவர் கூறினார். சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு விளைப்பன எனக் கருதி, அவருடைய சொற்பொழிவுகளை வியன்னாவின் பேரரசர் 1801இன் இறுதியில் தடைசெய்தார். பின்னர் அம்மருத்துவர் பல நகரங்களில் உரையாற்றிச் சென்று, 1807இல் பாரிஸை அடைந்தார்.

புறணியில் பணிப்பகுப்பு உண்டு என்ற அளவில் அவர் கருத்துப் பிழையன்று. அதற்கு அவர் காட்டிய சான்றே பிழையாயிற்று. மண்டையோட்டின் புடைப்புக்கும் மனத்தின் இயல்புக்கும் தொடர்பு இல்லை. எனினும் அவர் வழிவந்தோர் அதனை மண்டையோட்டுக் குறிநூலாக வளர்த்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரப்பினர். மாந்த இனங்களை உயர்வு தாழ்வாக வகுப்பதற்கும், அடிமை முறைக்கு நியாயம் கற்பிப்பதற்கும் அது கருவியாயிற்று. பகுதிகள் பிறவியிலேயே முடிந்த முடிபாக அமைந்தவை என்று கொண்டதன் விளைவு அது.

அக்கொள்கையை எதிர்த்தவருள் தலையாயவர் பிரெஞ்சு உடலியலார் பியேர் ஃப்ளூரான்ஸ். 1820களில் அவர் புறா முதலியவற்றின் பெருமூளையைச் சிறிது சிறிதாக நீக்கி, அவற்றின் நடத்தையை நோக்கினார். எப்பகுதியை நீக்கினும் ஆற்றல்கள் யாவும் ஒருசேரக் குன்றுவதைக் கண்டு, பெருமூளை பிளவின்றி ஒன்றாகவே தொழிற்படுகிறது என முடிவு செய்தார். அறிவுலகம் பெரிதும் அவர் பக்கம் சாய்ந்தது.

ஓரசை மட்டும் பேசியவர்

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பார் 21 ஆண்டுகளாகத் தங்கியிருந்தார். பிறர் கூறுவதை அவர் உணர்ந்துகொள்வார்; தாம் விடையிறுக்கும்போது 'தாங்' என்னும் ஓரசையே அவர் வாயினின்று வெளிவரும். 1861 ஏப்ரலில் அவர் மறைந்தபின், அறுவை மருத்துவர் பால் ப்ரோகா அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க நெற்றிப் பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். பேச்சுக்கும் புறணியின் ஓரிடத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு புலனாயிற்று.

1870இல் பெர்லினில் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். குறிப்பிட்ட இடத்தைத் தொட்டபோது உடலின் மறுபக்கத்தில் குறிப்பிட்ட தசை அசைந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் பொருள் கொள்ளும் ஆற்றலின் குறைபாட்டை இடப்பக்கப் பொட்டுப் புறத்தின் சிதைவோடு இணைத்துக் காட்டினார். ஃப்ளூரான்சின் பிளவற்ற மூளை இவ்வாறு பிளவுபட்டது.

பணியால் வேறுபட்டவை அமைப்பாலும் வேறுபடுமா என்பது அடுத்து எழுந்த வினா. ஜெர்மானிய மருத்துவர் கொர்பினியன் பிராட்மன், புறணியை மென்சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். புறணியின் பெரும்பகுதி ஆறு அடுக்குகளால் ஆனது. அவ்வடுக்குகளின் தடிப்பும், அவற்றிலுள்ள அணுக்களின் அளவும் நெருக்கமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அம்மாற்றங்களைக் கொண்டு அவர் 1909இல் வெளியிட்ட வரைபடத்தில் பகுதிகளுக்கு எண்கள் இட்டார். எண்வரிசை 52 வரை செல்லினும், சில எண்கள் மனித மூளைக்கு உரியன அல்ல. முதனிலைக் காட்சிப் பகுதி 17 என்றும், அசைவுப் பகுதி 4 என்றும் அவர் இட்ட எண்களாலேயே மருத்துவ உலகம் இன்றும் வழங்குகிறது. 2016இல் வெளிவந்த ஒரு வரைபடம் புறணியின் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைக் காட்டிற்று.

வரைபடம் கிடைத்தது. அதனை வரைந்தது யாது என்பது விளங்கவில்லை. அதனை அறிய வளர்ந்த மூளையை விட்டுக் கருவின் மூளையை நோக்க வேண்டியிருந்தது.

கருவை நோக்கித் திரும்பிய பார்வை

அப்பணிக்கு வழிவகுத்தவர், லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஹிஸ் (1831–1904). 1880களில் மனிதக் கருக்களை வார வரிசையில் ஆராய்ந்த அவர், நரம்பிழை ஒவ்வொன்றும் ஓர் இளம் நரம்பணுவிலிருந்தே முளைத்து நீள்கிறது என எடுத்துக்காட்டினார். ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால், முதிர்ந்த மூளையில் கிளைகள் பின்னிப் பிணைந்து கிடத்தலின், கருக்களையும் பிறந்த குட்டிகளையும் தேர்ந்தெடுத்துச் சாயமேற்றி ஆராய்ந்தார். நரம்பணுக்கள் தனித்தனியானவை, ஒன்றையொன்று தொட்டுத் தொடர்புகொள்பவை என்னும் கருத்து அவரால் உறுதிபெற்றது. 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும், அச்சாயமுறையைக் கண்ட இத்தாலியர் கமில்லோ கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

லைப்சிக் நகரத்தவரான பால் ஃப்ளெக்சிக் வேறொரு வழியில் சென்றார். நரம்பிழைகளைச் சூழ மையலின் என்னும் கொழுப்புறை படிந்தபின்னரே அவை விரைவாகச் செய்தி கடத்தும். பச்சிளங் குழந்தைகளின் மூளையை ஆராய்ந்த அவர், இவ்வுறை புறணி முழுவதும் ஒரே வேளையில் படிவதில்லை எனக் கண்டார். புலன்களுக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் முந்துகின்றன. அவற்றை இணைத்து எண்ணத்துக்குத் துணைபுரியும் பகுதிகள் பிந்துகின்றன. புறணியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்ததொரு காலநிரல் உண்டு என்னும் உண்மை இதனால் வெளிப்பட்டது.

இதன்பின்னும் வழக்கு ஓயவில்லை. எலிகளின் கற்கும் திறனை ஆராய்ந்த அமெரிக்க உளவியலார் கார்ல் லாஷ்லி, நீக்கப்பட்ட இடத்தைவிட நீக்கப்பட்ட அளவே முதன்மையானது என 1929இல் எழுதினார். 1946இல் அவரும் ஜார்ஜ் கிளார்க்கும் புறணி வரைபடங்களின் நுண்பிரிவுகளையே ஐயுற்றனர். பகுதிகள் உண்மையானவை என்றால், அவை பிறக்கும் வழியைக் காட்டியாக வேண்டும் என்னும் நிலை எழுந்தது.

அணுக்களின் பயணம்

கருவுற்ற நான்காம் வாரத்தின் முடிவில் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. அதன் முற்பகுதி புடைத்து மூளையாகிறது. புடைத்த அறையின் உட்சுவரை ஒட்டியுள்ள மூலவணுக்கள் பிளந்து பெருகுகின்றன. அவற்றினின்று தோன்றும் இளம் நரம்பணுக்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. சுவரைக் குறுக்கே கடந்து மேற்பரப்பை நோக்கிச் செல்கின்றன. ஏழாம், எட்டாம் வாரங்களில் அங்குப் புறணித்தட்டு உருவாகத் தொடங்குகிறது.

1961இல் ஆஞ்செவின், சிட்மன் என்போர் கதிரியக்க அடையாளமிட்டு, சுண்டெலியின் நரம்பணுக்கள் எந்நாளில் பிறந்து எவ்வடுக்கை அடைகின்றன என்று கண்டனர். முன்பிறந்தவை கீழடுக்குகளில் அமர, பின்பிறந்தவை அவற்றைக் கடந்து மேலடுக்குகளில் அமர்கின்றன. பாஸ்கோ ராகிச் குரங்குகளிலும் இவ்வொழுங்கைக் கண்டார். உட்சுவரிலிருந்து மேற்பரப்பு வரை நீண்ட கழிபோல நிற்கும் தாங்கணுக்களைப் பற்றிக்கொண்டே இளம் நரம்பணுக்கள் ஏறுகின்றன என்பதையும் அவர் 1972இல் காட்டினார். இதனால் உட்சுவரில் அடுத்தடுத்துப் பிறந்தவை மேற்பரப்பிலும் அடுத்தடுத்தே அமைகின்றன.

1974இல் இவிட்சா கோஸ்டோவிச்சும் மார்க் மொலிவரும் மனிதக் கருவின் புறணித்தட்டுக்கு அடியில் ஒரு தனிப் படலத்தைக் கண்டறிந்தனர். மணம் நீங்கலாக ஏனைப் புலன்களின் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் இடைநிலையம் தாலமஸ் ஆகும். அங்கிருந்து வரும் நரம்பிழைகள் இவ்வடிப்படலத்தை அடைந்ததும் உடனே மேலேறுவதில்லை. வாரக்கணக்கில் அங்கேயே காத்திருந்து, ஏறத்தாழ 24ஆம் வாரத்திலிருந்து புறணித்தட்டினுள் நுழைகின்றன. அதற்கு முன்பே பகுதிகள் வகுக்கப்பட்டுவிட்டனவா, அல்லது இவ்விழைகளின் வரவால்தான் வகுக்கப்படுகின்றனவா? பழைய வழக்கு இப்போது ஆய்வுக்கூடத்தில் தீர்க்கத்தக்க வினாவாக உருப்பெற்றது.

எதிரெதிர் நின்ற இரு கொள்கைகள்

1988இல் ராகிச் முன்வரைபடக் கொள்கையை வெளியிட்டார். உட்சுவரின் மூலவணுக்களிலேயே வருங்காலப் பகுதிகளின் வரைபடம் அடங்கியுள்ளது; தாங்கணுக்களின் வழியே அவ்வரைபடம் மேலே எடுத்துச் செல்லப்படுகிறது; வந்தடையும் நரம்பிழைகள் அதனைத் திருத்தி நிறைவு செய்கின்றன என்பது அதன் சாரம். கருவிலேயே கண்கள் நீக்கப்பட்ட குரங்குகளில் 17ஆம் பகுதி பரப்பளவில் சுருங்கிற்று. எனினும் அதற்கே உரிய அடுக்கமைப்பு அழியவில்லை.

1989இல் டென்னிஸ் ஓ'லியரி மறுதலைக் கருத்தை முன்வைத்தார். தொடக்கப் புறணி எங்கும் பெரும்பாலும் ஒத்த ஆற்றலுடையது. தாலமசின் இழைகள் கொணரும் செய்தியே அதனைப் பகுதிகளாக்குகிறது என்றார். அதற்குத் துணைநின்ற சான்றுகள் வலியவை. சுண்டெலியின் தொடுவுணர்வுப் புறணியில், ஒவ்வொரு மீசைமயிருக்கும் ஒன்றாகப் பீப்பாய் வடிவ அணுத்தொகுதிகள் வரிசையாக இருப்பதை 1970இல் வுல்சி, வான் டெர் லூஸ் என்போர் கண்டிருந்தனர். பிறந்த உடனே ஒரு வரிசை மயிர்க்கால்களை அழித்தால் புறணியில் அதற்குரிய பீப்பாய் வரிசை உருவாவதில்லை என்பதை 1973இல் அவர்களே காட்டினர். 1991இல் ஷ்லாகரும் ஓ'லியரியும் கருநிலை எலியின் காட்சிப் புறணித் துண்டைப் புதிதாய்ப் பிறந்த எலியின் தொடுவுணர்வுப் பகுதியில் ஒட்டவைத்தபோது, அத்துண்டில் பீப்பாய்கள் உருவாயின.

இவற்றினும் வியக்கத்தக்க சோதனை, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மிருகாங்க சூர் குழுவினருடையது. ஃபெரட் என்பது கீரியை ஒத்த தோற்றமுடைய சிறு விலங்கு. புதிதாய்ப் பிறந்த ஃபெரட் குட்டிகளில் கண்ணிலிருந்து வரும் இழைகளை, ஒலியைக் கடத்தும் தாலமசுப் பகுதிக்குத் திருப்பிவிட்டு, அதன் விளைவை 1988இல் அவர்கள் வெளியிட்டனர். செவிக்குரிய புறணி ஒளிக்கு மறுமொழி கூறிற்று. கோடுகளின் சாய்வை இனங்காணும் அணுக்கள் காட்சிப் புறணியிற்போல் அங்கும் ஒழுங்குபட்டிருந்தன. திருப்பப்பட்ட அவ்வழியாக வந்த ஒளியை அவ்விலங்குகள் ஒலியாகக் கொள்ளாமல் ஒளியாகவே உணர்ந்து நடந்துகொண்டன. இவ்விரு முடிவுகளும் 2000இல் வெளிவந்தன. ஆயினும் அணுக்களின் உள்ளிணைப்புகள் காட்சிப் புறணியின் ஒழுங்கை முற்றும் எய்தவில்லை. வந்த செய்தி புறணியை மாற்றிற்று, முழுவதும் மாற்றவில்லை.

மூலக்கூறுகள் கூறிய சான்று

வழக்கைத் தீர்க்கும் சான்று கருவியலிலிருந்து வந்தது. கருவின் ஒரு சிறு பகுதி சுற்றியுள்ள அணுக்களின் வளர்ச்சியை வழிநடத்தவல்லது என்பதை 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மங்கோல்டும் நீரரணைக் கருக்களில் காட்டியிருந்தனர். ஓரிடத்தில் சுரக்கும் பொருள் தொலைவு செல்லச் செல்லக் குறையும். அச்செறிவைக் கொண்டு ஒவ்வோர் அணுவும் தன் இருப்பிடத்தை அறிகிறது என்னும் கருத்தை 1969இல் லூயிஸ் வோல்பர்ட் வளர்த்தெடுத்தார். மூளைப் புறணியும் இவ்வழியே வகுக்கப்படுகிறதா என்று நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர் தேடினர்.

1999இல் ஜான் ரூபன்ஸ்டைன் குழுவினர் ஜி.பி.எக்ஸ். 2 என்னும் மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றில் தாலமசின் இழைகள் புறணியை அடைவதில்லை. எனினும் பகுதிகளை வேறுபடுத்தும் மரபணுக்கள் புறணியில் தத்தம் இடங்களிலேயே தொழிற்பட்டன. முதல் வகுப்புக்கு வெளிச்செய்தி தேவையில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

2000இல் வந்த சான்று ஓ'லியரியின் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது என்பது நோக்கத்தக்கது. ஈ.எம்.எக்ஸ். 2 என்னும் மரபணு புறணியின் பின்புறத்தில் மிகுந்தும் முன்புறத்தில் குறைந்தும் தொழிற்படுவது. பாக்ஸ் 6 என்னும் மரபணு அதற்கு நேர்மாறானது. முன்னது இல்லாத சுண்டெலியில் காட்சிப் பகுதி சுருங்கி முன்பகுதிகள் விரிந்தன. பின்னது இல்லாததில் முன்பகுதிகள் சுருங்கிப் பின்பகுதிகள் விரிந்தன. தம் முந்தைய கொள்கைக்கு வரம்பு கட்டும் சான்றைத் தாமே வெளியிட்ட அந்நேர்மை போற்றத்தக்கது.

2001இல் சிகாகோ நகரில் ஃபுகுச்சி-ஷிமோகோரி, எலிசபெத் குரோவ் என்போர், புறணியின் முன்முனையில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 8 என்னும் புரதத்தைச் சுண்டெலிக் கருவின் புறணியில் பின்முனையிலும் தோன்றச் செய்தனர். இரண்டாவதாக ஒரு பீப்பாய் வயல் ஓரளவு உருவாகிவிட்டது. முன்முனைச் சுரப்பை மிகுவித்தபோது பகுதிகளின் எல்லைகள் பின்னோக்கி நகர்ந்தன. எல்லைகளை இடுவது செறிவின் ஏற்றத்தாழ்வு என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

ஆயின் ஓ'லியரியின் முதற்கருத்து முற்றும் பொய்த்துவிட்டதா? இல்லை. 2013இல் வெளிவந்த ஆய்வில், கண்ணின் செய்தியைக் கொணரும் தாலமசு இழைகள் இல்லாதபோது, முதனிலைக் காட்சிப் பகுதிக்கும் அதனைச் சூழ்ந்த மேனிலைக் காட்சிப் பகுதிகளுக்கும் இடையிலுள்ள மரபணு வேறுபாடு உருவாகவில்லை எனக் கண்டனர். பெரிய புலத்தை உள்ளிருந்து எழும் கட்டளை வகுக்கிறது. அப்புலத்தினுள் நுண்ணிய எல்லைகளை வந்தடையும் இழைகள் வகுக்கின்றன. உழவர் வழக்கில் கூறுவதாயின், வரப்பு முன்னரே இடப்படுகிறது. பாயும் நீரே அவ்வயலை விளைவயலாக்குகிறது. நீரின் போக்கால் வரப்பும் ஓரளவு நகர்கிறது.

மனிதக் கருவில் கண்டவை

சுண்டெலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பதை அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. கருவுற்ற 15 முதல் 21 வாரங்கள் வரையிலான மனிதக் கரு மூளைகளில் மரபணுக்கள் தொழிற்படும் முறை 2014இல் விரிவாக வெளியிடப்பட்டது. புறணியின் நெற்றிப் புறத்திலிருந்து பொட்டுப் புறம் நோக்கிப் படிப்படியாக மாறும் மரபணுச் செறிவுகள் அதில் காணப்பட்டன. 2021இல் வெளிவந்த ஆய்வில், தனித்தனி அணுக்களை எடுத்து ஆராய்ந்தபோது, பிளந்து பெருகும் மூலவணுக்களிலேயே நெற்றிப்புற, பிடரிப்புற வேறுபாடு தென்பட்டது. நரம்பணுக்கள் முதிர முதிர அவ்வேறுபாடு கூர்மையுற்றது. வைட்டமின் ஏ-யிலிருந்து உடலில் உருவாகும் ரெட்டினோயிக் அமிலம் நெற்றிப்புறப் பகுதிகளின் அமைவுக்குத் துணைபுரிவதும் அதே ஆண்டில் தெரியவந்தது.

இத்துறையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 முதல் 24 வாரங்கள் வரையிலான ஐந்து கரு மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, முப்பரிமாண வரைபடமாகத் தொகுத்து, 'தரணி' என்னும் பெயரில் 2024இல் வெளியிட்டது. உலகின் எம்மூலையிலுள்ள ஆய்வாளரும் காணத்தக்க வகையில் அது பொதுவில் வைக்கப்பட்டது. ஹிஸ் தம் கையால் வரைந்த கருக்களுக்கும் இவ்வரைபடத்துக்கும் இடையே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் உள்ளன.

தொட்டுப் படித்தோரும் பின்னர்க் கற்றோரும்

பிறப்புக்குப் பின் இப்பகுதிகள் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதற்கு மாந்தர் வாழ்வே சான்று தந்துள்ளது. இளமையிலேயே பார்வை இழந்தோர் பிரெயில் எழுத்தைத் தொட்டுப் படிக்கும்போது, அவர்தம் காட்சிப் பகுதி தொழிற்படுவதைச் சடாட்டோ குழுவினர் 1996இல் கண்டனர். அப்பகுதியைக் காந்த அலையால் சிறிது நேரம் தடுத்தபோது படிப்பதில் பிழைகள் நேர்ந்தன என 1997இல் வேறோர் ஆய்வு காட்டிற்று. காட்சிக்கென வரப்பிடப்பட்ட புலம், காட்சி வாராத நிலையில் தரிசாகக் கிடக்கவில்லை.

இலக்கியத்தில் ஈடுபட்டோர்க்கு இதனினும் அணுக்கமானது எழுத்தின் செய்தி. எழுத்துமுறை தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள் அளவே ஆகின்றன. எழுத்துக்கென ஒரு பகுதியை மரபணுக்கள் வகுத்திருக்க இயலாது. ஆயினும் படிக்கத் தெரிந்தோர் அனைவரிடத்தும், எம்மொழியினராயினும், இடப்பக்கப் புறணியின் அடிப்புறத்தில் ஏறத்தாழ ஒரே இடம் எழுத்துருக்களை இனங்காண்கிறது. ஐந்து வயதில், படிக்கத் தொடங்குமுன், குழந்தைகளின் மூளை இணைப்புகளைப் படமெடுத்த ஆய்வாளர், எட்டு வயதில் அவ்விடம் எங்கே அமையும் என்பதை அவ்விணைப்புகளைக் கொண்டே முன்கூட்ட முடிந்தது என 2016இல் அறிவித்தனர். இடம் முன்னரே குறிக்கப்பட்டது. எழுத்து பின்னரே வந்து அமர்ந்தது.

ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேர் அதில் ஆராயப்பட்டனர். அவருள் 10 பேர் எழுத்தறியாதவர். 31 பேர் இளமையில் கற்றோர். எஞ்சிய 22 பேர் வளர்ந்தபின் கற்றோர். படிக்கும் திறன் மிகுந்த அளவுக்கு எழுத்துக்குரிய அவ்விடத்தின் மறுமொழியும் மிகுந்தது. வளர்ந்தபின் கற்ற 22 பேரிடத்தும் அம்மாற்றம் காணப்பட்டது. கல்வி மறுக்கப்பட்டோரின் மூளையில் அவ்விடம் இல்லாதிருக்கவில்லை. எழுத்தின் வரவை நோக்கி அது காத்திருந்தது.

எனினும் நெகிழ்ச்சிக்கும் வரம்பு உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்தால், பின்னர்த் திறந்தாலும் அக்கண்ணுக்குரிய புறணி இணைப்புகள் எளிதில் மீள்வதில்லை என ஹ்யூபல், வீசல் என்போர் 1963 முதல் காட்டினர். 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கருக்காலத்து ஊறு இதனினும் கொடியது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பிரேசிலில் பரவிய சிக்கா வைரஸ், கருவின் மூலவணுக்களைத் தாக்கியதால் சிறுத்த மூளையுடன் குழந்தைகள் பிறந்தன. வரப்பிடும் பருவத்தில் நேர்ந்த அழிவைப் பின்னர்ப் பாயும் நீர் ஈடுசெய்ய இயலாது.

நிறைவுரை

வியன்னா மருத்துவரின் நாளிலிருந்து நடந்துவந்த வழக்கில் இரு தரப்பாரும் பாதி உண்மையைக் கண்டனர். பகுதிகள் பிறப்பதற்கு முன்பே பெரும்போக்காக வகுக்கப்படுகின்றன. அவ்வகுப்பு எல்லா மாந்தர்க்கும் பொதுவானது. அது காட்சி எங்கே, ஒலி எங்கே என்று இடம் குறிப்பதேயன்றி, இவர் உயர்ந்தவர், அவர் தாழ்ந்தவர் என்று தரம் குறிப்பதன்று. அவ்விடத்தில் எது, எவ்வளவு செழித்து அமையும் என்பதைத் தாயின் நலமும், புலன்களின் திறப்பும், மொழியும், கல்வியும் உரிய காலத்தில் வந்து சேர்வதே பெரிதும் முடிவு செய்கிறது.

மண்டையோட்டை அளந்து மாந்தரைத் தரம்பிரித்தவர், பகுதிகள் பிறவியில் அமைவன என்னும் ஒரு கூற்றைப் பற்றிக்கொண்டு அதன் மறுபாதியை விட்டனர். பிறவியைக் காரணம் காட்டிக் கல்வியை மறுப்போர் எக்காலத்தும் செய்வது அதுவே. அவர்க்கு விடையாக நிற்பது எந்த அறிஞரின் கொள்கையும் அன்று. வளர்ந்தபின் எழுத்தறிந்த அந்த இருபத்திருவரின் மூளையே ஆகும்.